ஆபீஸ் போக பழைய ரோடு பைக்: எதை எடுக்கலாம்?

வணக்கம் நண்பர்களே. மேடவாக்கத்திலிருந்து தரமணிக்குத் தினமும் சைக்கிளில் போய்வர, செகண்ட் ஹேண்டில் ஒரு அலுமினிய ரோடு பைக் தேடுகிறேன். வேகம் எனக்கு முக்கியமில்லை. பள்ளிக்கரணை ரோட்டில் இடுப்பும் மணிக்கட்டும் தாங்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போதைக்கு டிரைபன் ஆர்சி 120, ட்ரெக் டோமானே ஏஎல் 2 இரண்டும் கண்ணில் பட்டிருக்கின்றன. டிரைபனில் கேரியர் மாட்டத் துளை உண்டு. லேப்டாப் பையை முதுகிலிருந்து இறக்கிவிடலாம். டோமானேயில் கார்பன் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை), கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். அலுமினிய ஃபிரேம் விறைப்பானது என்பதால், அதிர்வைக் குறைக்க முக்கியமாக டயரைத்தான் நம்பியிருக்கிறேன். 25 எம்எம் அகல டயர் வேண்டாம், குறைந்தது 28, முடிந்தால் 32. பழைய மாடல்களில் 32 உரசாமல் சுற்றுமா?

அப்புறம், நேரில் பார்க்கும்போது வெல்டிங் ஓரங்களில், குறிப்பாகப் பெடல் அச்சுப் பக்கமும் ஹேண்டில் கழுத்திலும், மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பேன். சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் குழாய்) இறுகிப்போயிருக்கிறதா என்றும் அசைத்துப் பார்ப்பேன். நம் ஊர் உப்புக்காற்றுக்கு அது சகஜம். வேறு என்ன பார்க்க வேண்டும்? மழைக்காலத்துக்கு டிஸ்க் பிரேக் கட்டாயமா, சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக்கே போதுமா? இதே ரூட்டில் ஓட்டுபவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.