நம் கணினியின் தரவை அனுப்பும் முன் என்ன போகிறதென்று காட்டிய மென்பொருள் எது? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

உவர்மலையிலிருந்து:

டவுனில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் மாமா ஒருவருக்குப் பழைய கொம்பியூட்டரில் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன். போட்டு முடிந்து முதல்முறை உள்ளே போனதும், உபுண்டுவை மேம்படுத்த உங்கள் கணினியின் விவரத்தை அனுப்பலாமா என்று கேட்டு ஒரு திரை வருமே, அதைத் தாண்டிப் போகப் பார்த்தேன், மாமா விடவில்லை. “பொறு தம்பி. சனத்தின்ர ஐடி நம்பர், காணி உறுதி, பென்ஷன் கடிதம் எல்லாம் இதிலதான் அடிக்கப் போறம். அதுவும் சேர்ந்து போகுமோ?”

கேட்க வேண்டிய கேள்விதான். போகாது என்று வாயால் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அதே திரையில் முதல் அறிக்கையைக் காட்டும் பொத்தான் ஒன்று இருக்கிறது, அதை அழுத்தினேன். உபுண்டுவின் பதிப்பு, கணினியைச் செய்த கம்பனி, பயோஸ், புரோசசர், ரேம், டிஸ்க்கின் அளவு, திரையின் அளவு, மொழி, நேர வலயம் ஆசியா/கொழும்பு, நிறுவும்போது எதைத் தெரிவு செய்தோம் என்பது, இவ்வளவும் எழுத்தில் வந்தது. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் கேட்டார், நானும் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொன்னேன். ஆளின் பெயரோ கோப்பின் பெயரோ எங்கேயும் இல்லை. “சரி, அனுப்பு” என்றார். சம்மதம் என்றால் எனக்கு இதுதான். இன்னது போகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு ஓம் சொல்வது.

2018-இல் உபுண்டுவின் 18.04 பதிப்போடு வந்த ஏற்பாடு இது. அப்போது ‘ஆம்’ பக்கத்தில் புள்ளி முன்கூட்டியே போடப்பட்டிருந்தது, அது எனக்குப் பிடிக்கவே இல்லை. குக்கீ (இணையத்தளங்கள் நம் பிரவுசரில் வைக்கும் சிறு கோப்பு) தொடர்பான ஒரு வழக்கில், முன்கூட்டியே சரி போட்டு வைத்த பெட்டி சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 ஒக்டோபரில் தீர்ப்புச் சொன்னது. நம் நாட்டிலும் 2022-ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்பது சுயமாக, விளங்கிக்கொண்டு, எழுத்தாலோ செயலாலோ தெளிவாகக் காட்டப்பட வேண்டும் என்கிறது. உபுண்டுவைப் போன்ற இன்னொரு இலவச இயங்குதளமான டெபியன் இந்த விஷயத்தில் ஒழுங்கு. நிறுவும்போது ‘பொப்புலாரிட்டி கொன்டெஸ்ட்’ என்ற பாவனைக் கணக்கெடுப்பு வேண்டுமா என்று கேட்கும், பேசாமல் என்டர் தட்டினால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்ளும். வேண்டும் என்றால் எந்தெந்த மென்பொருள் பொதிகள் இருக்கின்றன, எவை அண்மையில் பாவிக்கப்பட்டன என்பது வாரத்துக்கு ஒருமுறை போகும். முதல் டிஸ்க்கில் எந்தப் பொதிகளைப் போடுவது என்று தீர்மானிக்க அந்தக் கணக்கும் உதவுகிறது.

நான் அங்கே வேண்டும் என்றுதான் கொடுப்பேன். தமிழ் எழுத்துருவும் தமிழ் உள்ளீட்டுப் பொதியும் வைத்திருக்கிற நாமெல்லாம் வேண்டாம் என்றே தட்டிக்கொண்டிருந்தால், அந்தக் கணக்கில் நாம் இல்லை. யாருமே பாவிக்காத பொதி என்று ஒருநாள் யாராவது நினைத்துவிடலாம்.

நிலாவெளியிலிருந்து, கம்பஸ் மாணவி:

அண்ணா, நீங்கள் சொன்னதோடு சேர்த்து என்னுடையதையும் எழுதுகிறேன். ப்ரொஜெக்டுக்காக கூகுளின் கோ என்ற நிரல்மொழி படித்தபோது கண்டது இது. 2023-இல் அந்த மொழியின் கருவிகளுக்குள், எப்படிப் பாவிக்கிறோம் என்ற தரவைச் சேகரிக்கும் ஏற்பாட்டை (டெலிமெட்ரி) கொண்டுவர, அப்போது கோ குழுவை வழிநடத்திய ரஸ் கொக்ஸ் முன்மொழிந்தார், முதலில் தானாகவே அனுப்பும் விதமாக. பாவிப்பவர்கள் பலர் எதிர்த்தார்கள், அவரும் கேட்டார், விரும்பினால் மட்டும் அனுப்பும்படி மாற்றினார். 2024 ஓகஸ்டில் 1.23 பதிப்பு அப்படித்தான் வந்தது. எண்ணிக்கைகள் நம் கணினியிலேயே எழுதப்பட்டுக் கிடக்கும், ‘கோ டெலிமெட்ரி ஆன்’ என்று நாமே அடிக்கும்வரை ஒன்றும் வெளியே போகாது. ‘கோடெலிமெட்ரி’ என்ற தனிக் கருவியைப் போட்டு ‘கோடெலிமெட்ரி வியூ’ அடித்தால் பிரவுசரில் திறந்து காட்டும். எந்தக் கட்டளை எத்தனை தடவை என்ற கணக்குகள்தான், நான் எழுதிய நிரல் அதில் இல்லை. பார்த்துவிட்டு என் லப்டொப்பில் ஆன் செய்தேன்.

ஆனால் பல பேர் பாவிக்கும் கொம்பியூட்டர் என்றால் என் முடிவு வேறு. நிரல் எழுதும் விஎஸ் கோட் மென்பொருளில் ‘டெலிமெட்ரி லெவல்’ நாம் மாற்றாவிட்டால் எல்லாம் அனுப்பும் நிலையில்தான் இருக்கும், பிழைகள் மட்டும், முறிவுகள் மட்டும், ஓஃப் என்று குறைத்துக்கொள்ளலாம். பொதுக் கொம்பியூட்டரில் நான் உட்கார்ந்தால் ஓஃப். எனக்குப் பிறகு வந்து உட்காரும் பிள்ளைக்கும் சேர்த்து நான் எப்படிச் சம்மதம் கொடுப்பது?

கிண்ணியாவிலிருந்து:

எங்கள் பிரச்சினை போனில். எங்கள் நானா (அண்ணன்) கடலுக்குப் போகமுன் காற்றுப் பார்க்க ஒரு செயலி வைத்திருந்தார். இருப்பிடம் கேட்டது, அது நியாயம், எந்த ஊருக் காற்று என்று தெரிய வேண்டுமே. அப்புறம் தொடர்புகளையும் கேட்டது. காற்றுக்கும் அவர் மச்சானின் நம்பருக்கும் என்ன சம்பந்தம்? மறுத்தால் செயலி தன்பாட்டில் மூடிக்கொண்டது. இருப்பிடத்தையும் எந்நேரமும் வேண்டும் என்றுதான் கேட்டது, பாவிக்கும்போது மட்டும் என்றால் விடாமல் திரும்பத் திரும்பக் கேட்கும்.

நானாவுக்கு வந்த கோபம் சும்மா இல்லை. எந்த இடத்தில் வலை போடுகிறோம் என்பதைப் பக்கத்து வள்ளக்காரருக்கே சொல்லாத தொழில் இது. அந்த இடம் ஒவ்வொரு இரவும் யாரோ ஒரு கம்பனியின் கணக்கில் ஏறுகிறது என்றால்? ‘சேவையை மேம்படுத்த’ என்று ஒரு வரி போட்டிருந்தார்கள், எதை எடுக்கிறோம், எவ்வளவு காலம் வைத்திருப்போம் என்று எங்கேயும் இல்லை. அழித்துவிட்டோம். இப்போது வைத்திருப்பது வேறொன்று, திறந்திருக்கும்போது மட்டும் இருப்பிடம் எடுக்கிறது, காற்றும் ஒழுங்காகக் காட்டுகிறது. அப்படியென்றால் முதலாவதுக்கு அவ்வளவும் எதற்கு?

உவர்மலையிலிருந்து:

நானாவிடம் சொல்லுங்கள், அன்ட்ரொயிட் 10-இலிருந்து ‘பாவிக்கும்போது மட்டும்’ என்ற தெரிவு இருக்கிறது, 11-இலிருந்து ‘இந்தமுறை மட்டும்’ என்பதும். போன் 12 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் செட்டிங்ஸில் பிரைவசி டாஷ்போர்ட் இருக்கும், கடந்த 24 மணி நேரத்தில் எந்தச் செயலி எத்தனை மணிக்கு இருப்பிடம் எடுத்தது என்று நேரத்தோடு காட்டும். கடலால் வந்ததும் அதைத் திறந்து பாருங்கள், புதிய செயலி உண்மையிலேயே சொன்னபடி நடக்கிறதா என்று தெரிந்துவிடும். தங்கச்சி, பயர்பொக்ஸ் பாவிக்கிறவர் என்றால் முகவரிப் பட்டையில் ‘அபவுட்:டெலிமெட்ரி’ அடித்துப் பாருங்கள், என்ன சேகரித்து வைத்திருக்கிறது என்று முழுக்க வரும். நீளமான பக்கம், ஆறுதலாகப் பாருங்கள்.