குளோக்கிடியத்துக்குத் தமிழ்ச்சொல்: ‘கவ்வுகுடம்பி’ என்னும் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

நன்னீர் மட்டிகளின் முதற்பருவமான, மீனில் ஒட்டி வாழும் குடம்பியாகிய (லார்வா, இளவுயிரி) குளோக்கிடியத்தைக் குறிக்க மட்டிக்குடம்பி, ஒட்டுண்ணி இளவுயிரி, செவுள்குடம்பி, கொக்கிக்குடம்பி ஆகிய சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. இவற்றுள் ஒன்றைத் தேர்வதற்கு முன், இச்சொல் எங்கே மிகுதியாகப் புழங்கப்போகிறது என்பதைப் பார்ப்பது நல்லது. ஏரிகளுக்கு நீர் கொண்டுவரும் சிற்றாறுகளிலும் ஓடைகளிலும் மட்டிகள் எவ்வாறு பிழைக்கின்றன, எதனால் அருகுகின்றன என்று விளக்கும் இடத்தில்தான் இச்சொல் திரும்பத் திரும்ப வரும். அந்த விளக்கத்துக்குத் துணைநிற்கும் சொல்லே நமக்கு வேண்டும்.

வட அமெரிக்கப் பேரேரிப் பகுதியை எடுத்துக்கொள்கிறேன். ஹியூரான் ஏரிக்கும் ஈரி ஏரிக்கும் இடையில் உள்ள செயின்ட் கிளேர் ஏரியில் 1988-ஆம் ஆண்டு வரிக்குதிரை மட்டி கண்டறியப்பட்டது. கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட இந்த இனம், கப்பல்கள் தம் நிலைப்புக்காக ஏற்றிவரும் நீருடன் வந்து சேர்ந்தது. கெட்டியான எந்தப் பரப்பிலும் நூலிழைகளால் ஒட்டிக்கொள்ளும் இம்மட்டிகள் உள்ளூர் மட்டிகளின் ஓடுகளையும் விட்டுவைக்கவில்லை. ஒரே ஓட்டின்மேல் நூற்றுக்கணக்கில் அடையாக அப்பி, உள்ளூர் மட்டிகள் வாய் திறந்து நீரை இழுக்கவும் உணவு கொள்ளவும் வழியில்லாமல் செய்தன. பத்தாண்டு நிறைவதற்குள் ஏரியின் திறந்த நீர்ப்பரப்பில் உள்ளூர் இனங்கள் ஏறத்தாழ அற்றுப்போயின. ஆனால் அதே ஏரியை நோக்கிப் பாயும் ஒண்டாரியோவின் சிடன்ஹாம் ஆறு, 30-க்கும் மேற்பட்ட மட்டியினங்கள் பதிவான ஆறாக, கனடாவின் மட்டிவளம் மிக்க நீர்நிலைகளுள் ஒன்றாக இன்றும் விளங்குகிறது.

ஏரியில் அழிந்தவை ஆற்றில் தங்கியதற்குக் காரணம் இரு குடம்பிகளின் வேறுபாடு. வரிக்குதிரை மட்டியின் குடம்பியான வெலிஜர், சில வாரங்கள் நீரில் மிதந்து திரிந்த பிறகே எதிலாவது ஒட்டும். ஓடும் நீரில் அதற்குள் அது ஏரிக்கே அடித்துச் செல்லப்பட்டுவிடுகிறது. ஆற்றின் மேற்பகுதியில் ஏரியோ அணைத் தேக்கமோ இருந்து இடைவிடாமல் குடம்பிகளை அனுப்பினாலன்றி, சிற்றாற்றில் அந்த இனம் நிலைகொள்ள முடிவதில்லை. குளோக்கிடியத்தின் வழி வேறு. அது மீனைக் கவ்விக்கொள்கிறது. மீன் எதிர்நீச்சலில் ஏறும்போது அதனுடன் தானும் ஏறுகிறது. தன்னளவில் சில அடிதூரம் நகரவே நெடுநேரம் எடுக்கும் மட்டியினம், நீரோட்டத்துக்கு எதிராகப் பரவி ஓடையின் மேற்பகுதிகளில் குடியேறியது இந்த ஒரு வழியால்தான்.

எனவே ‘மட்டிக்குடம்பி’ என்ற சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. வெலிஜரும் மட்டியின் குடம்பிதான். எந்த வேறுபாடு சிற்றாறுகளைப் புகலிடமாக்கியதோ அதையே இச்சொல் மறைத்துவிடுகிறது. ‘செவுள்குடம்பி’ அழகான சொல். ஆயினும் எல்லாக் குளோக்கிடியங்களும் செவுளில் தங்குவதில்லை. ஓட்டின் விளிம்பில் கொக்கி உடையவை பெரும்பாலும் துடுப்பிலும் தோலிலும் பற்றுகின்றன. கொக்கி இல்லாதவையே செவுளை நாடுகின்றன. மேலும், ஈழத்துப் பாடநூல்கள் செவுளைப் ‘பூ’ என்று வழங்குவதால், அங்குள்ள மாணவருக்கு இச்சொல் உடனே பிடிபடாது. கொக்கியற்ற இனங்கள் ஏராளம் என்பதாலேயே ‘கொக்கிக்குடம்பி’யும் பொருந்தவில்லை, கொக்கிப்புழு என்று குடற்புழு ஒன்று ஏற்கெனவே இருப்பது இன்னொரு குழப்பம். அம்புமுனையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து மூலப்பெயர் வந்தது என்பதற்காக நாமும் கூர்முனையையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

‘ஒட்டுண்ணி’ என்ற சொல்லைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1797-இல் ராத்கே என்னும் ஆய்வாளர், மட்டியின் செவுளுக்குள் நிறைந்திருந்த இந்த நுண்ணிய குடம்பிகளைக் கண்டு, இவை மட்டியைத் தாக்கும் ஒட்டுண்ணிகள் என்று கருதி, குளோக்கிடியம் என்ற பேரினப் பெயரையே சூட்டினார். உண்மையில் அவை தாய்மட்டி தன் செவுளில் வைத்துக் காத்த அதன் சொந்தக் குஞ்சுகள். அவை மீனின் மேல் ஒட்டி வாழ்கின்றன என்பது 1860-களில் லைடிக் என்னும் ஆய்வாளர் கண்ட பிறகே தெளிவாயிற்று. அவர் கண்டபடி இது மீனைச் சார்ந்த ஒட்டுண்ணி வாழ்க்கை என்பது சரிதான். ஆனால் ஒட்டுண்ணியாக வாழும் குடம்பிகள் புழுவினங்களிலும் கணுக்காலிகளிலும் எத்தனையோ உள்ளன. அவற்றிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் பண்பு அதன் கவ்வுதலே. கால் மில்லிமீட்டர் அளவில் இரண்டு சின்னஞ்சிறு ஓடுகள், அவற்றை இழுத்து மூட ஒரே ஒரு தசை என்னும் அமைப்புடைய அது, மீனின் திசு பட்டவுடன் ஓடுகளை மூடிக்கொள்கிறது. பிறகு மீனின் தோற்படலமே வளர்ந்து அதை மூடிவிட, அதற்குள் அது உருமாறுகிறது.

சிடன்ஹாம் ஆற்றில் வாழும் பொடிடப்பி மட்டி (ஸ்னஃப்பாக்ஸ் என்ற பெயரை நான் இவ்வாறு தமிழாக்கியிருக்கிறேன்) இந்தக் கவ்வுதலைத் தாயிடமிருந்தே தொடங்குகிறது. அதன் குடம்பிகளுக்கு ஏற்ற மீன் லாக்பெர்ச். மூக்கினால் கூழாங்கற்களைப் புரட்டி இரை தேடும் பழக்கமுடையது. ஆற்றின் அடியில் பாதி புதைந்து வாய் பிளந்திருக்கும் தாய்மட்டியை அது புரட்ட முற்படும்போது, மட்டி சட்டென்று மூடி மீனின் தலையைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்த பிடியிலேயே குடம்பிகளைச் செவுள்மேல் செலுத்திவிட்டுப் பிறகு மீனை விடுகிறது. இதைக் காட்டும் நிகழ்படங்களைப் பார்த்தவர்களுக்குக் ‘கவ்வு’ என்ற வினையைத் தவிர வேறொன்று தோன்றாது என்று நம்புகிறேன்.

ஆகவே ‘கவ்வுகுடம்பி’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை என்பதால் இடையில் வல்லினம் மிகாது. ‘கவ்வுக்குடம்பி’ என்று எழுதுவது பிழையாகும். தமிழ்நாட்டில் வழங்கும் ‘இளவுயிரி’யை விடுத்து ஈழத்துக் ‘குடம்பி’யை எடுத்ததற்கு, அது சிறிய சொல், தொகைகளில் எளிதாக அமர்கிறது என்பது மட்டும் காரணமன்று. மீனிலிருந்து உதிர்ந்து ஆற்றடியில் வாழத் தொடங்கும் அடுத்த பருவத்துக்கு ‘இளமட்டி’ என்று பெயரிட்டால், ‘இளவுயிரி’ அதனோடு மயங்கும். இவ்விரு பருவங்களின் தேவைகள் வெவ்வேறானவை என்பதால் அந்த மயக்கத்துக்கு நாம் இடம்தரக் கூடாது. கவ்வுகுடம்பிக்கு உரிய மீன் வேண்டும்; பனிக்காலத்தில் பனியை உருக்கச் சாலைகளில் கொட்டப்பட்டு ஓடைக்கு வரும் உப்பு அதற்குக் கேடு. இளமட்டிக்கோ மணலும் சரளையும் கலந்த, உயிர்வளி ஊடுருவும் அடிமண் வேண்டும். அது சில ஆண்டுகள் மண்ணுக்குள்ளேயே புதைந்து வளர்வதால், வயல்களின் வடிகுழாய்கள் வழியே வரும் வண்டல் அந்த இடுக்குகளை அடைத்துவிட்டால் மூச்சுத்திணறிச் சாகும். அம்மோனியாவும் அதற்கு ஆகாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2013-இல் அம்மோனியா அளவுகோல்களைக் கடுமையாக்கியதற்கு நன்னீர் மட்டிகளின் இந்த நுண்ணுணர்வு முதன்மையான காரணம்.

ஓர் ஓடையில் பெரிய மட்டிகள் நிறைய இருப்பதைக் கண்டு அங்கே எல்லாம் நலம் என்று எழுதிவிடுவதை நாம் பல இடங்களில் பார்க்கிறோம். மட்டிகள் பல பத்தாண்டுகள் வாழ்பவை. அணையொன்று மீனின் வழியை மறித்துவிட்டால் கவ்வுகுடம்பிக்கு இடமில்லை; முதிய மட்டிகள் மட்டும் ஆண்டுதோறும் மூத்துக்கொண்டே இருக்கும். 1990-இல் செயின்ட் கிளேர் ஆற்றில் தென்பட்ட, வெளியிலிருந்து வந்த உருண்டைக் கோபி மீன் இப்போது கிளையாறுகளுக்குள்ளும் ஏறிவருகிறது. அதைக் கவ்வும் குடம்பிகள் பெரும்பாலும் உருமாறாமலே மடிகின்றன என்பது என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்கிறது.

நம் குளங்களில் காணும் லாமெல்லிடென்ஸ் மட்டிக்கும் இதே பருவம் உண்டு என்பதால், இச்சொல் தமிழ்நாட்டு, ஈழத்துப் பாடநூல்களுக்கும் பயன்படும். அகராதிப் பதிவுக்கு என் வரைவு:

கவ்வுகுடம்பி: நன்னீர் மட்டிகளின், இரண்டு ஓடுகள் கொண்ட குடம்பிப் பருவம், தாயின் செவுளில் வளர்ந்து, வெளியேறியபின் மீனின் செவுள், துடுப்பு அல்லது தோலைக் கவ்வி, அதன் திசுவுக்குள் இளமட்டியாக உருமாறுவது.

மிதவைக்குடம்பி: வரிக்குதிரை மட்டி முதலியவற்றின், மீனைச் சாராமல் நீரில் மிதந்து திரியும் குடம்பிப் பருவம், வெலிஜர்.

ஓம்புமீன்: கவ்வுகுடம்பி உருமாறுவதற்கு ஏற்ற மீன். ஈழ வழக்கில் ‘விருந்து வழங்கி மீன்’ என்பதையும் இணைச்சொல்லாகத் தரலாம்.

குடம்பியைச் சுற்றி மீனின் திசு வளர்ந்து மூடுவதைக் குறிக்க ‘பொதிவு’ என்று எழுதி வருகிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் நண்பர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.