கலைச்சொல்: ‘ஸ்க்ரூபுலோசிட்டி’க்கு ‘மனச்சாட்சி உறுத்தல்’ சரியா?

அன்பர்களே,

ஒப்புரவு அருட்சாதனக் (குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் கத்தோலிக்கச் சடங்கு) கையேடு ஒன்றின் தமிழாக்கத்தில் ‘ஸ்க்ரூபுலோசிட்டி’ என்ற சொல்லில் நிற்கிறோம். செய்யாத பாவத்தைச் செய்தோமோ, மன்னிக்கப்பட்ட பாவம் மன்னிக்கப்படவில்லையோ என்று ஓயாமல் ஐயுறும் நிலை. கைவசம் உள்ளவை: மனச்சாட்சி உறுத்தல், மிகைக் குற்றவுணர்வு. இலத்தீன் வேரான ‘ஸ்க்ரூபுலுஸ்’ கூரிய சிறு கல்லைக் குறிக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ‘பரல்மனம்’ எனலாமா?

---

> மனச்சாட்சி உறுத்தல்

வேண்டவே வேண்டாம். திருடியவனை உறுத்துவது மனச்சாட்சியின் வேலை. அதையே கோளாற்றின் பெயராக்கினால் மனந்திரும்புதலும் நோய்ப் பட்டியலில் சேர்ந்துவிடும். ‘மிகைக் குற்றவுணர்வு’ம் குறி தவறுகிறது, இங்கே மிகுந்திருப்பது ஐயம்.

இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் 346, 347ஆம் எண்களைப் பாருங்கள். சிலுவை போலக் கிடந்த இரு துரும்புகளைத் தற்செயலாக மிதித்தவர் ‘பாவம் செய்துவிட்டேன்’ என்று தாமே முடிவு கட்டினால், அது வெறும் தவறான தீர்ப்பு. மிதித்த பிறகு ‘பாவமோ? இல்லையே!’ என்று இரண்டுக்கும் நடுவே அலைக்கழிந்தால்தான் அது நாம் பேசும் நிலை. 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இஞ்ஞாசியாரே இதில் உழன்றவர். பாவங்களை எழுதிவைத்துக் குருவிடம் அறிக்கையிட்டும் அமைதி கிடைக்கவில்லை.

பரல் அழகான சொல்தான். ஆனால் கேட்பவர் மனம் நேரே கண்ணகியின் சிலம்புக்குப் போய்விடும்.

---

அப்படியானால் ‘நெருடல்’? விரலில் தட்டுப்படும் சிறு மேடுபள்ளம், மனத்தில் தீராமல் நிற்கும் சிறு ஐயம் இரண்டுக்கும் பேச்சிலேயே இருக்கும் சொல். செருப்புக்குள் கிடக்கும் கல்லும் வந்துவிடுகிறது, அகராதியும் தேவையில்லை.

---

> நெருடல்

மிகவும் மென்மையாக இல்லையா? சிறுகதை விமர்சனத்தில்கூட ‘முடிவு நெருடலாக இருக்கிறது’ என்று எழுதுகிறோமே.

---

தனி ஐயம் ஒவ்வொன்றும் அப்படி அற்பமானதுதான். திருப்பலியில் நற்கருணை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேர உபவாசம். தண்ணீரும் மருந்தும் அதை முறிப்பதில்லை. இது தெரிந்தவர்தான், ‘பல் துலக்கும்போது நுரை தொண்டைக்குள் இறங்கிற்றோ?’ என்று நற்கருணை வாங்க எழாமல் உட்கார்ந்திருப்பார். குருவானவர் ‘பாவமில்லை’ என்றால் பத்து நிமிடம் நிம்மதி. பிறகு, ‘அவரிடம் சரியாகச் சொன்னேனா?’ என்ற அடுத்த கேள்வி முளைக்கும். ஆறுதல் கேட்கக் கேட்கப் பழக்கம்தான் வேரூன்றும். ஆகவே ஒற்றை ஐயத்துக்கு ‘நெருடல்’, இந்தச் சுழலுக்கு ‘நெருடல்மனம்’ என்று பிரித்துக்கொள்ளலாம். ஓ.சி.டி.யின் (வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் மனநோய்) வடிவமாக மருத்துவர் குறிக்கும்போது மட்டும் ‘பாவநெருடல் நோய்’.

கையேட்டின் அறிவுரைகளில் போட்டுப் பார்த்தேன், பொருந்துகிறது: ‘நெருடல்மனத்தார் ஒரே குருவிடம் செல்க. சொன்ன பாவத்தைத் திரும்பச் சொல்ல வேண்டாம். ஆத்தும சோதனையை (அறிக்கைக்கு முன் தன் பாவங்களை நினைத்துப் பார்ப்பது) சில நிமிடங்களில் முடித்துவிடுக. சாவான பாவம்தான் (கடவுளோடுள்ள உறவை முறிக்கும் கனமான பாவம்) என்று சத்தியம் செய்து சொல்ல முடியாததை அறிக்கையிடக் கடமையில்லை.’ முயன்றும் நினைவுக்கு வராத பாவங்கள் அந்த அறிக்கையிலேயே அடங்கியதாகக் கொள்ளப்படும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சங்கமான திரெந்து சங்கம் 1551இல் சொன்னது. அந்த வரிக்கு அடிக்குறிப்பு வைப்பது நல்லது. இவர்கள் பிடித்துக்கொள்ள அதுதான் கொழுகொம்பு.

---

ஏற்கிறேன். எதிர்ச்சொல் பத்தியில் மட்டும் ஒரு திருத்தம். வரைவில் ‘குற்றமற்ற மனச்சாட்சி’ என்று இருக்கிறது. அப்போஸ்தலர் 24:16இல் வரும் தொடர் அது. அங்கே உள்ள கிரேக்கச் சொல்லுக்கும் ‘இடறாத’ என்ற பொருள் உண்டு, கல்லோடு பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் 1 கொரிந்தியர் 4:4இல் பவுல், தம்மிடம் யாதொரு குற்றத்தையும் அறியேன் என்று சொல்லிவிட்டு, அதனாலே நீதிமானாகிறதில்லை என்கிறார். நெருடல்மனத்தாரிடம் ‘குற்றமற்ற மனச்சாட்சிதான் இலக்கு’ என்றால் இன்னும் தேய்த்துக் கழுவத்தான் போவார்கள். எதிர்ச்சொல்லாக, கடவுளின் இரக்கத்தைச் சார்ந்திருத்தல் என்ற பொருளில் ‘இரக்கச் சார்பு’ என்று போடலாம். சான்றாக 1 யோவான் 3:20: நம் இருதயம் நம்மைக் குற்றப்படுத்தினாலும் தேவன் அதிலும் பெரியவர்.

---

‘சார்பு’ என்றால் ஒருதலைப்பட்சம் என்று படிப்பார்கள். ‘இரக்கப் பற்றுகை’?

---

‘பற்றுகை’ நன்று. பதிவில் ஏற்றிவிடுகிறேன்.