இரண்டு ரவுட்டர்: மாடியிலிருந்து கீழே போகிறது, கீழிருந்து மாடிக்குப் போகவில்லை

கேள்வி:
வணக்கம். கீழ்த்தளத்தில் இணைய இணைப்போடு வந்த ரவுட்டர் இருக்கிறது. மாடிக்கு வைஃபை எட்டாததால் இன்னொன்று வாங்கி, கீழிருந்து கேபிள் இழுத்து அதன் வான் (WAN) போர்ட்டில், அதாவது வெளி இணைய இணைப்புக்கான துளையில், செருகினேன். இரண்டு இடத்திலும் இணையம் நன்றாக வருகிறது. மாடி மடிக்கணினியில் இருந்து கீழ்க் கணினியின் ஃபோல்டரைத் திறக்க முடிகிறது. கீழிருந்து மாடிக்கு மட்டும் முடியவில்லை. கணினியின் ஃபயர்வாலை (வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் பாதுகாப்பு) அணைத்தும் பயனில்லை. அப்பாவின் மருத்துவ அறிக்கைகள் மாடியில்தான் இருக்கின்றன, பாதுகாப்பும் குறையக் கூடாது. மூன்று நாளாக மண்டை காய்கிறது.

பதில் 1:
முதல் வேலையாக ஃபயர்வாலைத் திரும்பப் போடுங்கள். இரண்டு கணினியின் ஐபி முகவரி என்ன?

கேட்டவர்:
போட்டுவிட்டேன் சார். கீழே 192.168.1.20, மாடியில் 192.168.0.105.

பதில் 1:
சிக்கல் அங்கேதான். மூன்றாவது எண் வேறு, அதாவது இரண்டு தனி நெட்வொர்க். மாடி ரவுட்டருக்கு உங்கள் கீழ்த்தளமும் 'வெளி'தான். உள்ளிருந்து கிளம்புவதை விடும், வெளியிலிருந்து தானாக வருவதை மறித்துவிடும்.

அதில் ஆக்சஸ் பாயின்ட் மோட் (தனி நெட்வொர்க் உருவாக்காமல் கீழ் நெட்வொர்க்கையே நீட்டிக்கும் அமைப்பு) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், போதும். இல்லையென்றால் கீழிருந்து வரும் கேபிளைக் கழற்றிவிட்டு, மடிக்கணினியை மாடி ரவுட்டரின் லேன் (LAN, வீட்டுக் கருவிகளுக்கான) போர்ட்டில் இணைத்து, அந்த ரவுட்டரின் முகவரியை 192.168.1.2 ஆக்குங்கள். பிறகு பிரவுசரில் அந்த முகவரியில் நுழைந்து டிஹெச்சிபியை (கருவிகளுக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் வசதி) அணையுங்கள். கடைசியாகக் கேபிளை வானில் அல்ல, லேன் போர்ட்டில் செருகுங்கள். கீழ் ரவுட்டர் 192.168.1.2ஐ வேறு எதற்கும் கொடுக்காதபடி அதன் டிஹெச்சிபி வரம்பை 192.168.1.10இல் தொடங்க வையுங்கள்.

பதில் 2:
இவ்வளவு எதற்கு? மாடி ரவுட்டரில் போர்ட் 445ஐ (விண்டோஸ் ஃபோல்டர் பகிர்வு பயன்படுத்தும் எண்) ஃபார்வர்ட் செய்தால், அதாவது அந்த எண்ணுக்கு வருவதை மாடிக் கணினிக்கு அனுப்ப வைத்தால், போதுமே.

பதில் 1:
வேலை செய்யும், ஆனால் வேண்டாம் நண்பரே. அதையே யாராவது கைத்தவறிக் கீழ் ரவுட்டரில் செய்தால் ஃபோல்டர் இணையத்துக்கே திறந்துவிடும். 2017இல் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் பரவியது இந்த 445 வழியாகத்தான்.

கேட்பவர் கவனத்துக்கு: இனி வீடு முழுக்க ஒரே நெட்வொர்க், வைஃபை கடவுச்சொல் தெரிந்த எவரும் உள்ளே இருப்பார். வருகிறவர்களுக்குக் கீழ் ரவுட்டரின் கெஸ்ட் வைஃபையை மட்டும் கொடுங்கள். இரண்டு ரவுட்டரிலும் வைஃபை பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் (WPA2 AES) அல்லது டபிள்யூபிஏ3 (WPA3) வையுங்கள், ரவுட்டர் அமைப்புகளுக்குள் நுழையும் அட்மின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். டபிள்யூபிஎஸ்ஸை (WPS, கடவுச்சொல் அடிக்காமல் பட்டன் அல்லது பின் எண்ணால் வைஃபையில் இணையும் வசதி) அவசியம் அணையுங்கள். அதன் 8 இலக்கப் பின் எண் இரண்டு பாதியாகச் சரிபார்க்கப்படுவதால் 11,000 முயற்சிக்குள் உடைந்துவிடும். அறிக்கைகள் உள்ள ஃபோல்டரை ஒரே ஒரு பயனர் கணக்குக்கு மட்டும், கடவுச்சொல்லோடு பகிருங்கள்.

கேட்டவர்:
எல்லாம் செய்தும் முதலில் திறக்கவில்லை. மாடி விண்டோஸ் இதைப் புது நெட்வொர்க் என்று எடுத்து 'பப்ளிக்' (பொது இட நெட்வொர்க், ஃபோல்டர் பகிர்வைத் தடுக்கும்) என வைத்திருந்தது. 'பிரைவேட்' ஆக்கியதும் கீழிருந்து திறந்துவிட்டது! மிக்க நன்றி சார். கெஸ்ட் வைஃபையை இன்று இரவே போட்டுவிடுகிறேன்.