அப்பாவுக்குச் சிறுநீரகப் புற்றுநோய்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

குழுவில் உள்ள அண்ணன், அக்கா எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் சிங்கப்பூர் ஈசூனில் இருக்கிறோம். அப்பாவுக்கு 67 வயது. சிறுநீரகப் புற்றுநோய் நுரையீரலுக்கும் பரவிவிட்டது என்று போன மாதம் தெரிந்தது.

எவ்வளவு காலம் இருப்பார் என்று அம்மா கேட்டதற்கு டாக்டர் நாள் கணக்கு சொல்லவில்லை. 6 விஷயங்களைப் பார்ப்பார்கள் என்றார். நோய் கண்டு ஓராண்டுக்குள் மருந்து தேவைப்படுவது, அன்றாட வேலைகளைச் செய்ய முடியாமல் போவது, ஹீமோகுளோபின் குறைவது, ரத்தத்தில் கால்சியம், நியூட்ரோஃபில் (ஒரு வகை வெள்ளை அணு), பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு) கூடுவது. எதுவுமே இல்லையென்றால் நல்ல பிரிவு; 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் மோசம். அப்பாவுக்கு முதலாவதும் ஹீமோகுளோபின் குறைவும் இருப்பதால் நடுப் பிரிவு. மனுஷன் இன்னும் தினமும் சந்தைக்கு நடந்து போய் மீன் வாங்கி வருகிறார். அந்தத் தெம்பும் கணக்கில் சேரும் என்று கேட்ட பிறகுதான் அம்மா சரியாகச் சாப்பிட்டார்.

வரும் செவ்வாய் நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற, உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் ஊசி மருந்துகளைத் தொடங்குகிறார்கள். 3 வாரத்துக்கு ஒரு முறை, மொத்தம் 4 தடவை. அப்புறம் நிவோலுமாப் மட்டும்.

உங்கள் வீட்டில் யாராவது இதை எடுத்திருந்தால், வயிற்றுப்போக்கு, தோல் அரிப்பு எப்போது ஆரம்பித்தது? எந்தக் கட்டத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடினீர்கள்? மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி, மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு போகக் கையிலிருந்து எவ்வளவு கட்டினீர்கள்?

மூலிகை மருந்து மட்டும் சொல்ல வேண்டாம், தயவுசெய்து. இந்த ஊசியே கல்லீரலைப் பாதிக்கலாம் என்று எச்சரித்திருக்கிறார்கள்.

இன்னொன்று. அப்பாவுக்குத் தமிழில் பேசினால்தான் மனம் திறக்கும். இதே சிகிச்சையில் இருக்கும் பெரியவர் யாராவது அவரிடம் போனில் பத்து நிமிடம் பேச முடியுமா?