மாத்திரை போட்டும் இறங்காத பிபி, கூடுதல் இன்சுலின்: பெங்களூரில் யாரைப் பார்ப்பது?

அல்சூரில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு வயது 44, எடை 98 கிலோ, எல்லாம் தொப்பைதான். தீபாவளியிலிருந்து பிபி 150/96க்குக் கீழே வரவே மாட்டேன் என்கிறது. டெல்மிசார்டன் 40 தினமும் போடுகிறார். ஊறுகாய், அப்பளம் நிறுத்தியாயிற்று, காலையில் ஏரிக்கரை நடையும் உண்டு. எடை அசையவில்லை.

ஈசிஜி, எக்கோ, கிரியாட்டினின் நார்மல். சர்க்கரையும் பரவாயில்லை, ஆனால் வெறும் வயிற்று இன்சுலின் 31. இன்சுலின் கூடினால் சிறுநீரகம் உப்பை வெளியே விடாது, நரம்புகளும் இதயத்தை முடுக்கும் என்று டாக்டரே விளக்கினார் (சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 92). விளக்கிவிட்டு மாத்திரையை மட்டும் 80 ஆக்கச் சொல்கிறார்!

அப்புறம் குறட்டை. நடுவில் மூச்சு நின்று, திணறி எழுந்து உட்காருகிறார்.

முதலில் பார்க்க வேண்டியது ஹார்மோன் டாக்டரையா, தூக்கப் பரிசோதனை செய்யும் நுரையீரல் டாக்டரையா?