கப்பலை விட்டு இறங்கிய கொள்ளுத்தாத்தாவைத் தேடுகிறேன் – வழிகாட்ட முடியுமா?

அனைவருக்கும் வணக்கம். என் கொள்ளுத்தாத்தா 1890களில் ஒரு பிரிட்டிஷ் சரக்குக் கப்பலில் மாலுமியாகச் சிட்னிக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்டதாகக் குடும்பத்தில் சொல்வார்கள். கப்பலின் பெயர்தான் யாருக்கும் தெரியவில்லை.

அதுதான் பெரிய முட்டுக்கட்டை. பிரிட்டிஷ் கப்பல்களின் மாலுமி ஒப்பந்தங்கள் ஆள் பெயர்ப்படி அல்ல, கப்பலின் பதிவு எண்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. 1863 முதல் 1938 வரையிலானவற்றில் பெரும்பகுதி கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் உள்ள கடல்சார் வரலாற்று ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1885, 1895 என ஐந்தில் முடியும் ஆண்டுகளுக்கு உரியவை லண்டன் கிரீனிச் அருங்காட்சியகத்தில் உள்ளன.

ஆகவே எதிர்த்திசையிலிருந்து தேடுகிறேன். சிட்னிக்கு வந்த கப்பல்களின் மாலுமிப் பட்டியல்களில் பெயர், வயது, பிறந்த இடம், வேலை எல்லாம் இருக்கும். ஆனால் எழுத்தர் காதில் விழுந்தபடியே பெயரை எழுதியிருப்பார். எழுத்துப் பிழைகளையும் கணக்கில் கொண்டுதான் தேட வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’ தளத்தில் பழைய நாளிதழ்களின் கப்பல் வருகைப் பத்திகளையும் புரட்டி வருகிறேன். எத்தனை கப்பல்கள்! ஒன்றைக்கூடப் பார்க்காமல் விட்டுவிட மனம் வரவில்லை.

கப்பலை விட்டு ஓடிய மாலுமிகளின் அங்க அடையாளங்கள் அக்காலக் காவல்துறை அரசிதழில் வெளியாகியிருக்கின்றன. அதில் தேடிப் பழகியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கிரீனிச்சில் 1895ஆம் ஆண்டு மாலுமி ஒப்பந்தங்களைப் பார்த்தவர்கள் இருந்தால், பெயரை மட்டும் வைத்துத் தேட வழி உண்டா என்று சொல்லுங்கள். குடும்பப் பெயரையும் தோராயமான வயதையும் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.